கறுப்பு பெல்ட்டா, சிப்பாயின் கைச்சண்டைப் பயிற்சியா?

கேள்வி இது: "பத்து வருஷம் கராத்தே கற்ற ஒருவரும், ராணுவத்தில் கைச்சண்டைப் பயிற்சி எடுத்த ஒரு சிப்பாயும் மோதினால் யார் ஜெயிப்பார்? ராணுவங்களில் எந்தக் கலையைத்தான் சொல்லித் தருகிறார்கள்? அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகும் என் தம்பி இப்போதே ஏதாவது ஒன்றில் சேருவது நல்லதா?"

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இருவரையும் வெறுங்கையோடு ஓர் அறையில் விட்டால், நிஜமாகவே எதிராளியோடு மோதிப் பழகிய பத்து வருஷக்காரர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார். இதில் ராணுவத்துக்கு ஓர் அவமானமும் இல்லை. சிப்பாயை யாரும் வெறுங்கையோடு தனியாக அனுப்புவதில்லை. கையில் துப்பாக்கி இருக்கும், பின்னால் நான்கு பேர் இருப்பார்கள். அமெரிக்க ராணுவத்தில் கைச்சண்டை சொல்லித் தருபவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: யாருடைய கூட்டாளி துப்பாக்கியோடு முதலில் வந்து சேருகிறானோ, அவன்தான் ஜெயித்தவன். கராத்தே வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிப்பாய்க்கு மொத்தப் பயிற்சியும் இதைச் சுற்றித்தான். கூட்டாளி வரும்வரை சாகாமல் இருக்க வேண்டும், துப்பாக்கியைப் பறிகொடுக்கக் கூடாது, முடிந்தால் எதிரியை அசையவிடாமல் பிடித்து வைக்க வேண்டும்.

அப்புறம் நேரக் கணக்கு. பிடிச்சண்டைக் கலையான பிரேசிலிய ஜுஜுட்சுவில் கறுப்பு பெல்ட் வாங்கச் சாதாரணமாகப் பத்து வருஷம் ஆகும். அமெரிக்க ராணுவத்தின் முதல்நிலைக் கைச்சண்டை வகுப்பு மொத்தம் 40 மணி நேரம். இரண்டாம் நிலை 80 மணி நேரம். சிப்பாய் அந்த நாட்களிலேயே சுடவும், வரைபடம் படிக்கவும், ரேடியோ பேசவும், அடிபட்டவனுக்குக் கட்டுப் போடவும், மூட்டை சுமந்து நடக்கவும் கற்றாக வேண்டும். ஆகவே ராணுவத்தின் முன்னால் எப்போதும் இருந்த கேள்வி ‘எந்தக் கலை சிறந்தது’ என்பதல்ல. இருக்கிற நாற்பது மணி நேரத்தில் எதைச் சொல்லித் தருவது என்பதுதான். இதற்கு இரண்டு விதமான பதில்கள் வந்திருக்கின்றன. இரண்டையும் பார்த்துவிட்டால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதல் பதிலின் முகம் வில்லியம் ஃபேர்பேர்ன். 1907இல் ஷாங்காய் நகரப் போலீசில் சேர்ந்த ஆங்கிலேயர். கொலையும் கொள்ளையும் மலிந்த அந்தத் துறைமுக நகரில் ஒருமுறை நன்றாக அடி வாங்கிய பிறகு ஜுஜுட்சு கற்றார், ஜூடோவில் கறுப்பு பெல்ட்டும் வாங்கினார். 1940இல் பிரிட்டன் திரும்பியபோது அவருக்கு வயது 55. எரிக் சைக்ஸ் என்ற கூட்டாளியோடு சேர்ந்து கமாண்டோக்களுக்கும் ரகசிய ஏஜென்டுகளுக்கும் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். இருவர் பெயரையும் தாங்கிய இருபுறக் கூர் கத்தியை வில்கின்சன் கம்பெனி செய்துகொடுத்தது. இன்றும் பல கமாண்டோ படைகளின் சின்னத்தில் அந்தக் கத்தியைப் பார்க்கலாம்.

ஃபேர்பேர்ன் செய்த கெட்டிக்காரத்தனம், தனக்குத் தெரிந்த ஜூடோவைச் சொல்லித் தராததுதான். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாடைக்குக் கீழிருந்து மேலாக ஒரு இடி, கையின் விளிம்பால் கழுத்தில் ஒரு வெட்டு, முழங்காலால் அடிவயிற்றில் ஒரு குத்து, பூட்ஸ் காலால் முன்னங்காலைத் தேய்த்து இறக்கிப் பாதத்தை மிதிப்பது. இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய அடிகள்தான். பயந்து நடுங்குகிறபோதும், இருட்டிலும், கை மரத்துப்போன குளிரிலும் ஞாபகம் வரக்கூடியவை மட்டும். அவரிடம் வந்தவர்களில் பலருக்கு முன்பின் சண்டை தெரியாது. சில நாட்களில் பாராசூட்டில் எதிரி நாட்டுக்குள் குதிக்கப் போகிறவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் இருக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், இந்த அடிகளை முழு வேகத்தில் யார்மேல் பழகுவது? கூடப் படிக்கிறவன் தாடையை நிஜமாக இடித்தால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். அதனால் காற்றிலும் பொம்மையிலும் பழகுகிறார்கள், அல்லது ஒத்துழைக்கிற கூட்டாளிமேல் மெதுவாகத் தொட்டுப் பழகுகிறார்கள். போர்க்காலத்தில் அது போதும். அமைதிக்காலத்தில் அதையே வருஷக்கணக்காக ஓட்டினால் பயிற்சி வெறும் அபிநயமாகிவிடும். சிப்பாய்க்கும் அது தெரியும். தெரிந்த பிறகு அவன் அந்த வகுப்புக்கு மனசோடு வரமாட்டான்.

அமெரிக்க மரைன் படையில் 1989இல் கொண்டுவந்த ‘லைன்’ என்ற முறை அப்படித்தான் போனது. முழுச் சுமையோடு, களைத்த நிலையில், இருட்டில் செய்யும்படி வடிவமைத்தார்கள். யோசனை பிரமாதம். ஆனால் அதில் இருந்ததெல்லாம் ஏறக்குறைய ஆளைக் கொல்லும் உத்திகள். அமைதிப்படையாகப் போய் நிற்கிற இடத்தில், கல்லெறிகிற இளைஞனையோ சண்டித்தனம் செய்கிற கைதியையோ என்ன செய்வது? ஒன்று கொல்ல வேண்டும், இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், நடுவில் ஒன்றும் இல்லை. 1990களின் இறுதியில் அதைக் கைவிட்டு, 2001இல் மரைன்கள் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பழுப்பு மஞ்சளில் தொடங்கிச் சாம்பல், பச்சை, பிரவுன், கறுப்பு என்று பெல்ட் வரிசை வைத்தது. பெல்ட் என்றால் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அடுத்த பெல்ட்டுக்காகவாவது சிப்பாய் தொடர்ந்து பழகுவான் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

இரண்டாவது பதில் 1995இல் அமெரிக்க ராணுவத்தின் சிறப்புக் காலாட்படையான ரேஞ்சர்களின் இரண்டாவது பட்டாலியனில் பிறந்தது. பிற்பாடு ஆப்கானிஸ்தானில் தளபதியாக இருந்த ஸ்டான்லி மெக்கிரிஸ்டல்தான் அப்போது அதன் கமாண்டர். கைச்சண்டைப் பயிற்சியை உயிர்ப்பிக்கச் சொன்னார். பழைய கையேட்டை எடுத்துப் பயிற்சி தொடங்கியதும், அதில் இருப்பது வேலைக்கு ஆகாது என்று சிப்பாய்களே முகம் சுளித்தார்கள். மேட் லார்சன் என்ற சார்ஜென்ட் தலைமையில் ஒரு குழு உலகத்தில் யார் இதை நன்றாகச் செய்கிறார்கள் என்று தேடியது. சோவியத் ரஷ்யாவின் சம்போ, ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை, தாய்லாந்தின் முவே தாய் எல்லாம் மேஜைக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று தெரிந்தது: அத்தனையிலும் போட்டி உண்டு. எதிராளி தன் முழு பலத்தோடு எதிர்க்கிறான், அவன்மேல் நீ உன் உத்தியைச் செய்து காட்ட வேண்டும்.

(சம்போவைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான வசிலி ஓஷ்செப்கோவ், ஜூடோவின் தலைமைப் பள்ளியான டோக்கியோவின் கோடோகனில் கறுப்பு பெல்ட் வாங்கியவர். 1937இல் ஜப்பானிய உளவாளி என்று பிடித்துப் போட்டார்கள்; சிறையிலேயே செத்துப்போனார். அடுத்த வருஷமே சம்போவைச் சோவியத் விளையாட்டாக அங்கீகரித்தார்கள். அதன் ஜூடோ வேரைப் பற்றிப் பல காலம் யாரும் வாய் திறக்கவில்லை.)

ரேஞ்சர்கள் கடைசியில் பிரேசிலின் கிரேசி குடும்பத்தின் ஜுஜுட்சுவை அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். தரையில் உருண்டு பிடிபோடும் கலை. முக்கியமான காரணம், அது மற்றவற்றைவிட வேகமாகக் கற்றுக்கொள்ளக்கூடியது, ஆளுக்கு அடிபடாமல் தினமும் முழுபலத்தில் பழகலாம் என்பதுதான். அதன்மேல் ஜூடோவின் வீசல்கள், முவே தாயின் முழங்கால், குத்துச்சண்டை, கடைசியில் கத்தியும் துப்பாக்கிக் கட்டையும் என்று அடுக்கினார்கள். 2002இல் அது மொத்த அமெரிக்க ராணுவத்தின் கையேடாகவே வெளிவந்தது.

அந்த முதல்நிலை வகுப்பில் ஒரு சோதனை உண்டு. பயிற்சியாளர் பெரிய குத்துச்சண்டைக் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பார். சிப்பாய் நெருங்கி அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவர் நெருங்கவிடாமல் முகத்தில் குத்திக்கொண்டே இருப்பார். முதல் குத்து விழுந்ததும் மனித உடம்பு செய்யும் இரண்டு காரியங்களில் ஒன்றைத்தான் பெரும்பாலும் செய்யும். கண்ணை மூடிக்கொண்டு பின்வாங்கும், அல்லது தலையைக் குனிந்து கண்மண் தெரியாமல் பாயும். இரண்டுக்கும் இன்னும் நாலு குத்து விழும். கைகளை முகத்துக்கு முன் உயர்த்தி, கண் திறந்தபடி, குத்து முடிகிற கணத்தில் உள்ளே புகுந்து, ஒரு கையால் கழுத்தையும் மறு கையால் புஜத்தையும் பற்றி, தலையை அவர் மார்போடு ஒட்டிவைக்கும்வரை விடமாட்டார்கள். இதில் கற்கிற உத்தி கொஞ்சம்தான். அடி வாங்கிக்கொண்டே முன்னால் போக முடியும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பாடத்தைப் பொம்மையைக் குத்திப் பெற முடியாது.

சரி, களத்தில் இது உதவியதா? ஈராக், ஆப்கானிஸ்தான் போய்வந்த 1,200க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களிடம் 2004 முதல் 2008 வரை எடுத்த விவரங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒருமுறையாவது கைச்சண்டையில் இறங்க வேண்டி வந்ததாகச் சொன்னார்கள். டிரோனும் ஏவுகணையும் பறக்கிற காலத்தில் இது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். அவர்கள் பயன்படுத்தியதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிச்சண்டை. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் துப்பாக்கிக் கட்டையால் இடித்தது போன்ற ஆயுத அடி. குத்தும் உதையும் மிகக் குறைவு, இருபதில் ஒன்றுதான்.

யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. கவச உடையின் தகட்டில் குத்தினால் உடைவது நம் விரல்தான். தலையில் ஹெல்மெட். முதுகிலும் மார்பிலும் சேர்ந்து இருபது, முப்பது கிலோ தொங்கும்போது காலைத் தூக்கி உதைத்தால் மல்லாக்க விழ வேண்டியதுதான். தவிர, அவர்கள் கைகலந்த பலபேர் எதிரிப் படைவீரர்கள்கூட இல்லை. சோதனைச் சாவடியில் முரண்டு பிடித்தவர்கள், வீட்டைச் சோதனை போடும்போது பாய்ந்தவர்கள், திமிறிய கைதிகள். அங்கே தேவைப்படுவது மடக்கிப் பிடிப்பதுதான். பழைய ஜப்பானில் கவசம் அணிந்த சாமுராய்கள் குத்தைவிட வீசலையும் மூட்டுப் பூட்டையும் நம்பியதற்கும் இதே காரணம்தான்.

கதவு வழியாக உள்ளே நுழைகிறபோது யாராவது துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பது சிப்பாய்க்கு முதல் பாடங்களில் ஒன்று. கராத்தே வகுப்பில் இந்தப் பாடமே கிடையாது. இயல்பாக நாம் பின்னால் இழுப்போம். இழுத்தால் கயிறு இழுக்கும் போட்டிதான் நடக்கும், தோளில் மாட்டிய வாரே கழுத்தைச் சுற்றிவிடும். அவன் இழுக்கும் திசையிலேயே உடம்போடு அவன்மேல் பாய்ந்து, குழல் முனையால் இடித்து, துப்பாக்கியை வளைத்துத் திருப்பிப் பிடியை அவிழ்க்கச் சொல்லித் தருவார்கள். அதோடு ஒதுங்கவும் வேண்டும், ஏனென்றால் பின்னால் நிற்கிற கூட்டாளிக்குச் சுட வழி வேண்டும். ராணுவப் பயிற்சிக்கும் தற்காப்புக் கலைக்கும் இருக்கிற நிஜமான இடைவெளி இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

தரைச்சண்டையைப் பற்றிப் பலமான ஆட்சேபம் உண்டு, அது நியாயமானதும்கூட. கீழே விழுந்து ஒருவனோடு உருண்டுகொண்டிருந்தால் இரண்டாமவன் வந்து மண்டையில் போடமாட்டானா? போடுவான். அதனால்தான் இப்போது எல்லா இடத்திலும், தரையில் விழுந்தால் எழுந்திருக்கக் கற்றுக்கொள், உன் ஆயுதத்தை எடுக்க இடம் உண்டாக்கு என்பதற்கு அழுத்தம் கூடியிருக்கிறது. ஆனால் விழவே மாட்டேன் என்று திட்டம் போடுவது முடியாத காரியம். சுமையோடு, சரிவில், இருட்டில் கட்டிப்புரண்டால் யாரோ ஒருவர் கீழே போவார்.

இருட்டு, சரிவு என்றதும் இந்திய, சீனச் சிப்பாய்கள் மோதிக்கொண்ட கல்வான் பள்ளத்தாக்குதான் நினைவுக்கு வருகிறது. 2020 ஜூன் 15 இரவு, லடாக்கில் சுமார் 14,000 அடி உயரம். எல்லைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் துப்பாக்கி சுடக் கூடாது என்று 1996இல் இந்தியாவும் சீனாவும் போட்ட ஒப்பந்தம். ஆணி பதித்த தடிகள், இரும்புக் கம்பிகள், கற்கள், உறைபனி நீரோடும் ஆறு. கர்னல் சந்தோஷ் பாபு உட்பட 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். தன் பக்கத்தில் நால்வர் இறந்ததாகச் சீனா பல மாதம் கழித்து ஒப்புக்கொண்டது. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி இறந்ததும் அங்கேதான். பிறகு வீர் சக்ரா விருது பெற்றார். அவர் காலாட்படைக்காரர் இல்லை, பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். அதே மோதலில் இறந்து வீர் சக்ரா பெற்ற தீபக் சிங் மருத்துவ உதவியாளர். கைச்சண்டை என்பது கமாண்டோவுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இருவரின் வேலையைக் கவனிக்க வேண்டும்.

அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம். ரிங்கில் மூன்று நிமிஷம் சளைக்காமல் குத்துகிறவர் அங்கே அரை நிமிஷத்தில் வாயைப் பிளப்பார். உடம்பில் மூன்று அடுக்குக் குளிர் உடை. இப்படிப்பட்ட உடையில் குத்து பாதி வீணாகும். ஜூடோக்காரருக்கோ கொண்டாட்டம், பிடிக்கத் துணி நிறைய இருக்கிறது. 2022இல் இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் ஹரியானாவில் உள்ள தன் பானு பயிற்சி மையத்தில் ஜூடோ, கராத்தே, இஸ்ரேலின் கிராவ் மகா மூன்றிலிருந்தும் 15, 20 உத்திகளை எடுத்துத் தங்கள் வீரர்களுக்குப் புதிய பயிற்சி தொடங்கியதாகச் செய்தி வந்தது. தனியொரு கலையை எடுக்காமல் பொறுக்கி எடுத்ததும், எண்ணிக்கையை இருபதுக்குள் நிறுத்தியதும் சரியான முடிவு. அந்த வகையில் ஃபேர்பேர்னின் பள்ளிதான் அது.

இங்கே நம்மவர்கள் சிலம்பத்தையும் வர்மத்தையும் கொண்டுவருவார்கள். வர்மத்தை முதலில் தள்ளிவைத்துவிடலாம். வைத்திய முறையாக அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் திமிறுகிற ஆளின் கனத்த கோட்டுக்குள் விரலளவு இடத்தைத் தேடிப்பிடித்துத் தட்டுவது நடக்கிற கதையல்ல, அதை எதிர்க்கிற ஆள்மேல் தினமும் பழகவும் முடியாது. சிலம்பம் வேறு. ஒரு தடி எவ்வளவு தூரம் எட்டும் என்று கண்ணாலேயே அளக்கக் கற்றவன், தடிச்சண்டையில் வெறுங்கைக்காரனைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் நெற்றி உயரக் கம்பைச் சுழற்ற நாலாபுறமும் வெளி வேண்டும். மலைப்பாதையில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறபோது சுழற்றினால் நம் ஆள் மண்டைதான் உடையும். அங்கே உதவுவது கம்பின் முனையால் நேராகக் குத்துவது, குறுக்கே பிடித்துத் தடுத்துத் தள்ளுவது. துப்பாக்கியில் கத்தி மாட்டிக் குத்தும் பயிற்சியும் ஏறக்குறைய அதேதான். கோயில் திருவிழாவில் கைதட்டு வாங்கும் வீச்சுகளை விட்டுவிட்டு, கவசம் போட்டு எதிரெதிரே நின்று அடித்துப் பழகும் சிலம்பமாக இருந்தால், ராணுவத்துக்கு நிச்சயம் கொடுக்க ஒன்று இருக்கிறது.

கிராவ் மகாவைப் பற்றியும் கேட்பீர்கள். இமி லிக்டன்ஃபெல்ட் என்ற குத்துச்சண்டை, மல்யுத்த வீரர் 1930களில் பிராட்டிஸ்லாவாவின் தெருச்சண்டைகளில் பட்டறிந்து, பின்னால் இஸ்ரேல் ராணுவத்துக்காக வடித்த முறை. அதன் பலம் உத்திகளில் இல்லை. சோர்ந்து கிடக்கிறவனையும் கத்திக்கொண்டு முன்னால் பாயவைக்கிற பழக்கத்தில் இருக்கிறது. இரண்டு நாள் முகாமில் சான்றிதழ் தருகிற கிராவ் மகாவில் அந்தப் பழக்கம் வராது, காசுதான் போகும்.

கலை எதுவானாலும் கடைசியில் கையில் அகப்படுவதுதான் ஆயுதம். 2010 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் ஒரு சோதனைச் சாவடியின் கூரையில் தனியாகக் காவல் இருந்த, பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா வீரர் தீப்பிரசாத் புன், 400க்கும் மேற்பட்ட குண்டுகளையும் 17 கையெறி குண்டுகளையும் தாலிபான்கள்மேல் பிரயோகித்தார். ஒருவன் சுவரேறி வந்த நேரம் பார்த்துத் துப்பாக்கி சுடவில்லை. இயந்திரத் துப்பாக்கியின் முக்காலியைத் தூக்கி அவனை அடித்துத் தள்ளினார். குக்ரி என்ற வளைந்த கத்திக்குப் பேர்போன படையின் வீரர் எடுத்தது முக்காலியை.

இனி உங்கள் தம்பி விஷயம். அக்னிவீர் உடல்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், புல்-அப், 9 அடிப் பள்ளம் தாண்டல், வளைந்த கட்டைமேல் சமநிலையாக நடப்பது ஆகியவைதான் உண்டு. கராத்தே பெல்ட்டை யாரும் கேட்கப் போவதில்லை. மாநில, தேசிய அளவில் விளையாடிய சான்றிதழ் என்றால் அது வேறு, அந்தந்த வருஷ அறிவிப்பைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேருவதானால் ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை மூன்றில் எது வீட்டுப் பக்கம் இருக்கிறதோ அதில் சேரட்டும். மாவட்ட விளையாட்டு அரங்கில் விசாரித்தால் தெரியும். மூன்றும் இல்லாத ஊர் என்றால் கபடிக் குழு இருக்கும், அது ஒன்றும் மட்டமில்லை. ஏழு பேர் மடக்குகிறபோது திமிறுவது, பாய்கிறவன் கணுக்காலைப் பிடித்து விடாமல் இருப்பது, மூச்சுக் கட்டுப்பாடு என்று சிப்பாய்க்கு வேண்டியது அதில் நிறைய இருக்கிறது.

எந்த வகுப்பானாலும் சேருவதற்கு முன் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். மாணவர்கள் ஒருவரையொருவர் நிஜமாக எதிர்த்துப் பழகுகிறார்களா, இல்லை வரிசையில் நின்று காற்றைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார்களா என்று தெரிந்துவிடும். ஆள்சேர்ப்பு ரேலிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மோதல் பயிற்சியை நிறுத்திவிட்டு ஓட்டத்திலும் புல்-அப்பிலும் மட்டும் இருக்கச் சொல்லுங்கள். முழங்கால் பிசகினால் அந்த வருஷ ரேலி போனது போனதுதான், வயது வரம்பும் யாருக்காகவும் காத்திருக்காது.